வாஸ்டி, பிஎஸ்டி ஆன்லைன், வார ஏற்றுமதி அறிக்கை: சீனாவைப் படிக்க இந்த இலவசச் சேவைகள் எவ்வளவு தேறும்?

உலகச் சந்தைக்கு வரும் சோயாபீன்ஸில் பத்தில் ஆறு பங்கை ஒரே நாடு வாங்குகிறது. 2024இல் சீனச் சுங்கத்துறைக் கணக்கில் ஏறியது 10.5 கோடி டன். 2000ஆம் ஆண்டில் இது 1 கோடி டன்தான். சீனத்துப் பன்றிப் பண்ணையில் தீவனக் கலவை மாறினால் பிரேசில் துறைமுகத்தில் விலை மாறும். அர்ஜென்டினாவில் எண்ணெய்க்கும் புண்ணாக்குக்குமான பீன்ஸ் அரவை மாறும். மலேசியப் பாமாயில் யாருக்குப் போகிறது என்பதும் மாறும். எண்ணெய், தீவனம், பஞ்சு என்று எதைக் கையாள்பவராக இருந்தாலும் சீனாவைப் பார்க்காமல் கொள்முதல் செய்ய முடியாது.

காசு கொடுத்து வாங்கும் தகவல் சேவைகள் பல உண்டு. சந்தாவைக் கேட்டால் சின்ன வியாபாரிக்குத் தலை சுற்றும். இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலிடம் அமெரிக்க வேளாண்துறையின் மூன்று சேவைகளுக்கு: உலக வேளாண் வரவையும் பயன்பாட்டையும் மதிப்பிட்டு மாதம் ஒருமுறை வரும் ‘வாஸ்டி’ அறிக்கை, அதன் பின்னால் இருக்கும் ‘பிஎஸ்டி ஆன்லைன்’ தரவுக் கிடங்கு, வியாழன்தோறும் வரும் அமெரிக்க ஏற்றுமதி விற்பனை அறிக்கை. மூன்றும் ஒரே துறையிலிருந்து வந்தாலும் தரம் ஒன்றல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சீனாவுக்குள் வரும் சரக்கைப் பார்க்க இவற்றை நம்பலாம், கொஞ்சம் தாமதத்தோடு. சீனக் கிடங்கில் கிடக்கும் சரக்கைப் பார்க்க நம்பக்கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் படிப்பவர்தான் அடி வாங்குகிறார்.

வாஸ்டி

பெரும்பாலும் 8 முதல் 12ஆம் தேதிக்குள் ஒரு நாள், வாஷிங்டன் நேரம் நண்பகல் 12 மணிக்கு வெளிவரும். நமக்கு இரவு 9.30. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால் 10.30. அடுத்த பருவத்துக்கான முதல் மதிப்பீடு மே மாத அறிக்கையில் வரும். ஆண்டில் ஒரே ஒரு அறிக்கைதான் படிக்க நேரம் உண்டு என்றால் அதைப் படியுங்கள். பூட்டிய அறையில், கைபேசிகளை வெளியே வாங்கி வைத்துவிட்டுத் தயாரிக்கிறார்கள். எண் முன்கூட்டிக் கசிவதில்லை என்ற நம்பிக்கை சந்தைக்கு இருப்பது அதனால்தான்.

சுமார் 40 பக்கம். முன்பகுதி உரைநடையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். பின்பாதியில் ‘உலக சோயாபீன்ஸ் வரவும் பயன்பாடும்’ என்ற அட்டவணைக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு நாட்டு வரிசையிலும் ஆரம்ப இருப்பு, உற்பத்தி, இறக்குமதி, அரவை, மொத்த உள்நாட்டுப் பயன்பாடு, ஏற்றுமதி, இறுதி இருப்பு என்று இடமிருந்து வலமாகப் போகும். நடப்புப் பருவத்துக்கு மட்டும் ஒரே நாட்டுக்கு இரண்டு வரி இருக்கும்: மேலே போன மாத எண், கீழே இந்த மாத எண். சந்தை அசைவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்துக்குத்தான். அன்றிரவு செய்தியில் ‘இருப்பு கூடியது’ என்று வந்தால், எந்த நாட்டு வரியில் கூடியது என்று பார்க்காமல் போனை எடுக்காதீர்கள்.

‘சீனா நீங்கலாக உலகம்’ என்று தனி வரி ஒன்று இருக்கிறது. மக்காச்சோளம், கோதுமை, அரிசி ஆகியவற்றுக்கு இந்த அறிக்கையின் மிகப் பயனுள்ள வரி இதுதான். அறிக்கைக் கணக்குப்படி உலக மக்காச்சோள இருப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவில் இருக்கிறது. அந்தச் சரக்கு ஏற்றுமதிக்கு வராது. வெளியே வராத சரக்கு விலையை இறக்காது. எனவே உலகத்தில் தட்டுப்பாடா தாராளமா என்று கணக்குப் போட, மொத்த வரியை விட்டுவிட்டு இந்த வரியை எடுக்க வேண்டும்.

கிடங்குக் கணக்கு எவ்வளவு ஆடக்கூடியது என்பதற்கு 2018 நவம்பர் அறிக்கை ஒன்றே போதும். சீனப் புள்ளியியல் துறை தன் வேளாண் கணக்கெடுப்பை வைத்துப் பத்தாண்டு மக்காச்சோள உற்பத்தியை மேல்நோக்கித் திருத்தியது. அமெரிக்க வேளாண்துறையும் அதை அப்படியே ஏற்றிக்கொண்டது. விளைவு, உலக இறுதி இருப்பு ஒரே மாதத்தில் சுமார் 16 கோடி டன்னிலிருந்து 30 கோடி டன்னுக்கு மேல் போனது. ஒரு மணி கூடப் புதிதாக விளையவில்லை, ஒரு கப்பலும் நகரவில்லை. உலக விலை முடிவாகும் சிகாகோ தானியச் சந்தையும் பெரிதாகப் பதறவில்லை. காகிதத்தில் பிறந்த சரக்கு அது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று பழைய ஆண்டு எண்களை இறக்கிப் பார்த்தால் திருத்திய எண்தான் கிடைக்கும். 2016இல் வியாபாரி கண்ணில் பட்ட எண் அது அல்ல.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை மாற்றம் இருக்கிறது. 2007இலிருந்து வடகிழக்கு மாகாணங்களில் சீன அரசு நிர்ணய விலையில் மக்காச்சோளத்தை வாங்கிக் குவித்தது. உள்நாட்டு விலை உலக விலையைத் தாண்டியது. மக்காச்சோள இறக்குமதிக்கோ 72 லட்சம் டன் கோட்டா. அதற்குள் சுங்கவரி 1 சதவீதம், தாண்டினால் 65. தீவன ஆலைகள் என்ன செய்தன? கோட்டா இல்லாத சோளம், பார்லி, எத்தனால் ஆலைக் கழிவுத் தீவனம், மரவள்ளி வற்றல் என்று கப்பல் கப்பலாக இறக்கின. அரசு கிடங்கு மக்கிக் கிடக்க, ஆஸ்திரேலியப் பார்லிக்கும் அமெரிக்கச் சோளத்துக்கும் திடீர் வாழ்வு வந்தது. 2016இல் அந்த நிர்ணய விலைக் கொள்முதலை நிறுத்தினார்கள். ஆகவே சீனாவின் மக்காச்சோள எண்களை மட்டும் தனியாகப் பார்ப்பவர் பாதிப் படம்தான் பார்க்கிறார். சோளத்தையும் பார்லியையும் பக்கத்தில் திறந்து வைத்து, மூன்றின் இறக்குமதியையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பன்றித் தொழுவமும் அரவை எண்ணும்

வாஸ்டி நன்றாக வேலை செய்யும் இடம் சோயாபீன்ஸ் அரவை எண். 2018 ஆகஸ்டில் லியாவ்னிங் மாகாணத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டின் பன்றி இறைச்சி உற்பத்தி 2018இல் 5.4 கோடி டன், 2019இல் 4.26 கோடி, 2020இல் 4.11 கோடி. பன்றி குறைந்தால் புண்ணாக்கு குறைய வேண்டும், பீன்ஸ் இறக்குமதியும் விழ வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2019இல் இறக்குமதி 8.85 கோடி டன்னில் நின்றது. 2020இல், இறைச்சி உற்பத்தி அடிமட்டத்தில் இருந்த அதே ஆண்டில், 10 கோடி டன்னைத் தாண்டியது.

காரணம் எண்ணிக்கையில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. அதுவரை வீட்டுக் கொல்லையில் நாலைந்து பன்றி வளர்த்தவர்கள் சாப்பாட்டுக் கழிவையும் தவிட்டையும் வள்ளிக்கிழங்குக் கொடியையும் போட்டு வளர்த்தார்கள். நோயில் முதலில் ஒழிந்தது அந்த வளர்ப்பு. உணவுக்கழிவைப் போடுவதற்கும் தடை வந்தது. திரும்ப எழுந்தவை பெரும் பண்ணைகள். ஹூபே மாகாணத்து எஜோவில் 26 மாடிக் கட்டடத்திலேயே பன்றி வளர்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பன்றியும் தின்பது ஆலைத் தீவனம், அதாவது மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும். தலை எண்ணிக்கை குறைந்தபோதே தலைக்கு ஆகும் தீவனக் கொள்முதல் கூடியது. கோழி வளர்ப்பு பெருகியதும், 2020 ஜனவரியில் அமெரிக்காவோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தமும் சேர்ந்துகொண்டன.

கையால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டன் பீன்ஸை அரைத்தால் சுமார் 780 முதல் 790 கிலோ புண்ணாக்கு, 185 முதல் 200 கிலோ எண்ணெய். 10 கோடி டன் அரவை என்றால் ஏறத்தாழ 7.9 கோடி டன் புண்ணாக்கும், கூடவே 1.9 கோடி டன் எண்ணெயும். எண்ணெய்க்காக யாரும் அரைக்கவில்லை, அது பின்னாலேயே வருகிறது. அரவை குறைந்தால் சீனா சமையலெண்ணெய்க்கு வெளியே போக வேண்டும்; 2019இல் பாமாயிலை அதிகம் வாங்கியது அப்படித்தான். நம் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாயாகவே இருக்கலாம். அதை வாங்கும் டெண்டர் விலைக்கு அந்தச் சலுகை கிடையாது. நாமக்கல் கோழித்தீவனத்தோடு இதே நேர்க்கோட்டை இழுக்கக் கூடாது. இந்தியா மரபணு மாற்றப் பீன்ஸை இறக்குமதி செய்வதில்லை, அங்கே வரும் புண்ணாக்கு பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா சரக்கு. சிகாகோவில் 5 சதவீதம் இறங்கினால் இங்கேயும் 5 இறங்கும் என்று லோடு தள்ளிப்போட்டால் கை சுடும். எண்ணெயில் பிணைப்பு இறுக்கம், புண்ணாக்கில் தளர்வு.

குறை என்னவென்றால், இப்போது நடக்கும் எதிர்த்திசை மாற்றம் இந்த அட்டவணையில் தெரிவதில்லை. தீவனத்தில் சோயா புண்ணாக்கின் பங்கை 2025க்குள் 13 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சீன வேளாண் அமைச்சகம் 2023 ஏப்ரலில் திட்டம் போட்டது. அடுத்த இலக்கு 2030க்குள் 10 சதவீதம். லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து, மொத்தப் புரதத்தைக் குறைக்கும் முறை இது. இதைத் தேட, அதே துறையின் ‘கெயின்’ பகுதியில் பெய்ஜிங் தூதரக வேளாண் அதிகாரிகள் எழுதும் எண்ணெய்வித்து ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். அதிகாரப்பூர்வ எண் அல்ல என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். 2020இன் இலையுதிர்காலத்தில் வாஸ்டி சீன மக்காச்சோள இறக்குமதியைக் கோட்டா அளவை ஒட்டி 70 லட்சம் டன்னிலேயே வைத்திருந்தது. நவம்பரில்தான் 1.3 கோடிக்கு ஏற்றினார்கள். அப்போதே தூதரக அதிகாரிகள் அதைவிட மிக உயரமான எண்ணைச் சொல்லியிருந்தார்கள். 2021 நாட்காட்டி ஆண்டுச் சுங்கக் கணக்கில் வந்து இறங்கியது 2.8 கோடி டன். கோட்டா என்பது சுவர் அல்ல, தேவைப்பட்டால் பெய்ஜிங் திறக்கும் கதவு என்பதை அறிக்கை எழுதுபவர்கள் தாமதமாகத்தான் ஏற்றார்கள்.

பிஎஸ்டி ஆன்லைன்: தரவை இறக்கும் முறையும் இடறும் இடங்களும்

வாஸ்டி வெளியாகும் அன்றே இதுவும் புதுப்பிக்கப்படும். 1960லிருந்து தரவு உண்டு. ‘கஸ்டம் குவரி’க்குப் போய், பொருளில் சோயாபீன்ஸ் எண்ணெய்வித்து, நாட்டில் சீனா, பண்புகளில் இறக்குமதி, அரவை, இறுதி இருப்பு, பிறகு ஆண்டுகளைக் குறித்தால் அட்டவணை வரும். எக்செல்லாக இறக்கலாம். முழுக் கிடங்கும் வேண்டுமென்றால் தனித்தனி சிஎஸ்வி கோப்புகள் உண்டு. முகப்பு பழைய காலத்து வடிவம். வெளியீட்டு நேரத்தில் திணறும். அரை மணி கழித்துப் போனால் வேலை முடிந்துவிடும்.

சிஎஸ்வி எடுப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சீனாவின் குறியீடு சிஹெச். மற்றத் தரவுகளில் இதே எழுத்துகள் சுவிட்சர்லாந்தைக் குறிக்கும். இரண்டு கோப்புகளைக் குறியீட்டை வைத்து இணைத்தால் பனிமலை நாடு 10 கோடி டன் பீன்ஸ் இறக்குமதி செய்வதாக வரும். மக்காச்சோளத்தின் பொருள் எண் 0440000. எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போய், தேடல் சூத்திரம் எதையும் பிடிக்காது. அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்த பிறகே இறக்குங்கள். ஆண்டு 2024 என்று இருந்தால் 2024/25 சந்தை ஆண்டு (அறுவடையை ஒட்டித் தொடங்கும் பன்னிரண்டு மாதம்) என்று பொருள். அரிசி எண்கள் எல்லாம் அரிசிக் கணக்கு, நெல் கணக்கு அல்ல. சீனா சொல்லும் 20.7 கோடி டன் நெல், இங்கே சுமார் 14.5 கோடி டன் அரிசியாக இருக்கும். சீன அரசு பெருமையாக அறிவிக்கும் ‘தானிய உற்பத்தி’யில் (2024இல் 70.65 கோடி டன்) நெல்லோடு சோயாவும் கிழங்கும் சேர்த்தி, அதை வைத்து இங்கே எந்த எண்ணையும் சரிபார்க்க முடியாது.

பெரிய குறை ஒன்று: பழைய மதிப்பீட்டை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறார்கள். போன ஜூனில் என்ன சொன்னார்கள் என்று இங்கே கேட்டால் பதில் இல்லை. மாதாமாதம் கோப்பைத் தேதி போட்டுச் சேமிப்பது நல்ல வழி. சேமிக்கத் தவறியவர்கள் பழைய வாஸ்டி அறிக்கைகளைத் தோண்ட வேண்டியதுதான். இன்னொன்று, சீனா மொத்தம் எவ்வளவு வாங்கியது, பிரேசில் மொத்தம் எவ்வளவு விற்றது என்று இருக்கும். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது இருக்காது. 2024இல் சீனா வாங்கிய பீன்ஸில் 7.47 கோடி டன் பிரேசில், 2.21 கோடி டன் அமெரிக்கா என்ற பிளவு, சீனச் சுங்கக் கணக்கில்தான் கிடைக்கும்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் பஞ்சு பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தத் தளத்தில் பேல் என்றால் 480 பவுண்டு, அதாவது 217.7 கிலோ. நம் பேல் 170 கிலோ. அவர்கள் எண்ணை 1.28ஆல் பெருக்கினால்தான் நம் கணக்கு. சந்தை ஆண்டு அவர்களுக்கு ஆகஸ்டு முதல் ஜூலை, நமக்கு அக்டோபர் முதல் செப்டம்பர். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஒப்பிட்டுவிட்டு ‘அமெரிக்காக்காரன் இந்திய மகசூலைக் குறைத்துக் காட்டுகிறான்’ என்று பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சிலும் சீனக் கிடங்குதான் கதை. 2011க்குப் பிறகு அரசு உயர்ந்த விலையில் வாங்கிக் குவித்தது. சீன ஆலைகளுக்கு உள்நாட்டுப் பஞ்சு கட்டுப்படியாகவில்லை. பஞ்சுக்குக் கோட்டா உண்டு, நூலுக்கு இல்லை. இந்திய நூல் சீனாவுக்கு வெள்ளமாகப் போனது அப்போதுதான். 2014இல் ஷின்ஜியாங்கில் இலக்கு விலை மானியத்துக்கு மாறி, பிறகு கிடங்கை ஏலத்தில் காலிசெய்யத் தொடங்கியதும் அந்த வெள்ளம் வடிந்தது. பஞ்சில் மட்டும் சீன இறுதி இருப்பு வரியைக் கொஞ்சம் மதிக்கலாம்: ஏல அறிவிப்புகளால் கிடங்கின் அளவு ஓரளவு வெளியே தெரிகிறது.

வார ஏற்றுமதி அறிக்கை

மூன்றில் இதுவே கூர்மை. இது பிறந்ததும் ஒரு பெரிய நாட்டின் வேளாண் தடுமாற்றத்தால்தான். 1972இல் விளைச்சல் பொய்த்த சோவியத் ஒன்றியம் அமெரிக்கத் தானியத்தைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு போகிறது என்று வாஷிங்டனுக்கே தெரியவில்லை. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. இன்று ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு 1 லட்சம் டன்னோ அதற்கு மேலோ விற்றால் அடுத்த வேலைநாளே சொல்ல வேண்டும். மற்றவை வியாழன் காலை 8.30 மணிக்கு, நமக்கு மாலை 6 (குளிர்காலத்தில் 7), வாரக் கணக்காக வரும்.

இதில் பொதுவான பிழை இரட்டைக் கணக்கு. ‘அறியப்படாத நாட்டுக்கு’ என்று முதலில் பதிவாகும் விற்பனை, கப்பல் கிளம்பும்போது ‘சீனா’ என்று மாறும். அந்த வாரம் சீனாவுக்கு 1,32,000 டன் என்று வந்து, அடைப்புக்குள் அவ்வளவும் ‘அறியப்படாததிலிருந்து மாற்றியது’ என்று இருந்தால் புது விற்பனை சுழியம். இரண்டு கப்பல் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவே. தலைப்பு எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் இந்த அடைப்பைப் படிப்பதே இல்லை.

வேலை செய்யாத நாட்களும் உண்டு. பட்ஜெட் இழுபறியில் அமெரிக்க அரசு முடங்கினால் சேவையும் முடங்கும்: 2013 அக்டோபர், 2019 ஜனவரி, 2025 அக்டோபர் வாஸ்டி அறிக்கைகள் வரவே இல்லை. கடைசியாகச் சொன்னது மிக மோசமான நேரத்தில். 2025 செப்டம்பரில் சீனா அமெரிக்காவிலிருந்து ஒரு டன் பீன்ஸ்கூட இறக்கவில்லை. அக்டோபர் 30ஆம் தேதி, ஆண்டு முடிவுக்குள் 1.2 கோடி டன், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டன் என்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. உண்மையில் வாங்குகிறார்களா என்று சொல்ல வேண்டிய வார அறிக்கை அப்போது நின்றுபோயிருந்தது. சந்தை வெறும் பேச்சை வைத்து விலை போட்டது.

மதிப்பெண் போட்டால்: வார அறிக்கைக்கு 5க்கு 4.5, பிஎஸ்டிக்கு 4, வாஸ்டியின் சீன வரவு எண்களுக்கு 3.5, சீன இருப்பு எண்களுக்கு 2.

கூட வைத்துக்கொள்ள வேண்டியவை

சீன வேளாண் அமைச்சகமே 2016 ஜூலையிலிருந்து மாதந்தோறும் தன் மதிப்பீட்டை வெளியிடுகிறது. சோயா இறக்குமதியில் அவர்கள் எண் வழக்கமாகத் தாழ்வாக இருக்கும். 2024/25க்குத் தொடக்கத்தில் 9.5 கோடி டன்னை ஒட்டிச் சொன்னார்கள், அமெரிக்கா 10.9 கோடி. தன்னிறைவை வலியுறுத்தும் அரசின் கை அதில் தெரியும். ஜி20 நாடுகள் 2011இல் தொடங்கிய ‘ஏஎம்ஐஎஸ்’ என்ற வேளாண் சந்தைத் தகவல் அமைப்பின் சந்தை அறிக்கை நிதானமானது. அவசர முடிவுக்கு உதவாது.

தவிர்க்கக்கூடாதது சீனச் சுங்கத்துறைக் கணக்கு. மொத்த எண் மாதம் 7ஆம் தேதி முதல் 14க்குள், நாடுவாரி விவரம் 18 முதல் 20க்குள் வரும். பிரேசில் கப்பல் சீனா சேர ஒன்றரை மாதம்வரை ஆகும் என்பதால், இந்த மாத இறக்குமதியைப் போன மாதத்துக்கும் முந்தைய ஏற்றுமதியோடு பொருத்திப் பாருங்கள். முதற்கட்ட அறிவிப்பில் ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து மார்ச்சில் ஒரே எண்ணாக வரும். அதை இரண்டால் வகுத்துக் கட்டங்களை நிரப்பினால், சீனப் புத்தாண்டு விடுமுறை எந்த மாதத்தில் விழுந்தது என்பது மறைந்துபோய், மார்ச்சில் தெரியும் ஏற்றம், இல்லாத தேவையை இருப்பதுபோலக் காட்டும். பிரித்த கணக்கு வரும்வரை அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுவையுங்கள்.